அக்வா காருக்குள் ஓயாத இரைச்சல்: கதவுக்கும் தரைக்கும் சத்தம் அடக்கும் தாளை நாமே ஒட்டலாமா?

கந்தளாய்ப் பயணி — சனி, இரவு 8.40

வீடு திருகோணமலை நகரில், நான் படிப்பிக்கும் பாடசாலை கந்தளாயில். கார் 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா ஹைபிரிட். ஏ6 வீதியில் ஐம்பதைத் தாண்டியதும் பின்னிருக்கைப் பக்கமிருந்து ஓர் உறுமல் தொடங்கும். வேகம் குறையும்வரை நிற்காது. மின்மோட்டாரில் ஓடும்போது எஞ்சின் சத்தம் இல்லை என்பதால் இந்த உறுமல் இன்னும் துலக்கமாகக் கேட்கிறது. பின்னால் இருக்கும் மகளோடு ஒரு வசனம் பேசுவதற்குக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது. வீதியில் இருக்க வேண்டிய கண் அப்போது வீதியில் இல்லை.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டது என்பது தெரியும். ஆனால் இன்றைய விலைக்குப் புதுக் கார் என்ற பேச்சே எங்கள் வீட்டில் எடுபடாது. இருக்கிற காரைத்தான் அமைதியாக்க வேண்டும்.

ஒரு கடையில் விசாரித்தேன். "தரை முதல் கூரை வரை முழுவதும் ஒட்டினால்தான் பலன், பாதி வேலை செய்வதில்லை" என்றார்கள். ஒட்டப்போகும் பொருள் என்ன என்று கேட்டதற்கு "வெளிநாட்டுச் சாமான்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. தம்பியோ, கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார்ப் பட்டியை ஹாட்வெயார் கடையில் வாங்கினால் கால்வாசிக் காசோடு வேலை முடியும் என்கிறான்.

எனக்குத் திருப்புளி பிடிக்கத் தெரியும். கதவுக் கண்ணாடி மோட்டாரை நானே கழற்றி மாற்றியிருக்கிறேன். எங்கே தொடங்குவது, எதை வாங்குவது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சீனன்குடாச் சின்னவன் — சனி, இரவு 9.05

அக்கா, தார்ப் பட்டி போதும். நண்பனின் வானுக்கு அதைத்தான் ஒட்டினோம். கதவைச் சாத்தினால் விலை கூடிய கார் மாதிரி "டப்" என்று கேட்கிறது.

டிங்கர்காரன் — சனி, இரவு 9.50

தம்பி, எந்த மாதம் ஒட்டினீர்கள்? மாரியில் ஒட்டியிருப்பீர்கள். வெக்கையான கச்சான் காற்று வீசத் தொடங்கிய பிறகு அந்த வானின் கதவு மட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

உப்புவெளிப் பக்கம் நெடுங்காலம் தகர வேலை செய்தவன் நான். தார்ப் பட்டி ஒட்டிய கதவுகள் என்னிடம் வந்திருக்கின்றன. வெயிலில் நிற்கும் காரின் உள்ளே வெப்பம் 60 பாகை வரைகூட ஏறும். வெளித் தகரத்தில் இன்னும் கூடுதல். தார் இளகும், நிலைக்குத்தான தகரத்தில் வழுக்கி இறங்கும், கண்ணாடி ஏறி இறங்கும் தண்டவாளத்தில் போய் அப்பும். நான் திறந்த ஒரு கதவில் பட்டி முழுவதும் மடிந்து அடியில் குவிந்து, தண்ணீர் வடியும் துளைகள் மூன்றையும் மூடியிருந்தது. கதவின் அடி மடிப்பைத் துரு தின்றுவிட்டது, விரலால் அழுத்தினால் உதிரும் அளவுக்கு. வாடையும் ஒன்று இருக்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காரைத் திறந்தால் புதிதாகத் தார் போட்ட வீதியில் நிற்பது போலத்தான். அந்த வாடை எந்த வாசனைத் திரவியத்துக்கும் போகாது.

ரீச்சர், வாங்குவதென்றால் பியூட்டைல் இறப்பர் தாள் வாங்குங்கள். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் அலுமினியத் தகடு, 2 மில்லிமீற்றர் கனம். கடையில் ஒரு மூலையை உரித்து முகர்ந்து பாருங்கள். தார் வாடை அடித்தால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது தார்தான். ஒரு துண்டை வெட்டிக் காரின் முன் மட்டை (டாஷ்போர்ட்) மேல் வெயிலில் ஒரு நாள் போட்டும் பார்க்கலாம். கறுப்பாக வழிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கணக்கன் — சனி, இரவு 10.30

வாங்குவதற்கு முன் ஒரு விடயம். ரீச்சரின் கேள்வியிலேயே இரண்டு நோய் கலந்திருக்கிறது. கதவைச் சாத்தும்போது கேட்கும் தகரச் சத்தம் ஒன்று. ஐம்பதில் தொடங்கும் உறுமல் இன்னொன்று. முதலாவதுக்குப் பியூட்டைல் தாள் நேரடி மருந்து. இரண்டாவதுக்கு அது பாதி மருந்துகூட இல்லை.

தகரம் அதிரும்போது அதோடு சேர்ந்து இறப்பர் வளைகிறது. மேலே இருக்கும் அலுமினியம் அவ்வளவு இலகுவில் நீளாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இறப்பர் இழுபட்டு, அதிர்வைச் சூடாக மாற்றிவிடுகிறது. அலுமினியத் தகடு அழகுக்கு வைத்ததல்ல, வேலையின் பாதியை அதுதான் செய்கிறது. அது இல்லாத தாளை வாங்காதீர்கள்.

தகரம் கூடுதலாக அதிர்வது அதன் நடுப்பகுதியில். மிருதங்கத்தின் தொப்பியில் ரவை ஒட்டுகிறவர் நடுவில்தான் அப்புகிறார், தோல் முழுவதும் பூசுவதில்லை. ஒரு தகரப் பரப்பின் நான்கில் ஒரு பங்கை நடுவில் மூடினாலே பலனின் பெரும்பகுதி கிடைத்துவிடும். பாதிக்கு மேல் மூடுவது காசையும் பாரத்தையும்தான் கூட்டும். "தரை முதல் கூரை வரை" என்ற கடைக்காரரின் கணக்கு அவருடைய கல்லாப்பெட்டிக் கணக்கு.

விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். "டாங்" என்று இழுத்தால் தாள் தேவை. "டொக்" என்று அப்போதே அடங்கினால் அங்கே ஒட்ட ஒன்றுமில்லை. பல கார்களின் தரையில் தொழிற்சாலையிலேயே தார்த் தகடு உருக்கி ஒட்டியிருப்பார்கள், அதன்மேல் இன்னொன்று வீண்.

பாட்டுப்பெட்டி — ஞாயிறு, காலை 7.15

கணக்கன் அண்ணன் சொல்வதை முழுதாக ஏற்க மாட்டேன். ஒலிபெருக்கி பூட்டும் முன்கதவுகளுக்கு நான்கில் ஒரு பங்கு போதாது. வெளித் தகரத்துக்கு அது சரி. உள்தகரத்தில் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. ஒலிபெருக்கியின் முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் அந்த ஓட்டைகளால் ஒன்றையொன்று சந்தித்து அழித்துக்கொள்கின்றன. தாழ்ந்த சுருதி முழுவதும் அங்கேதான் காணாமற் போகிறது. ஓட்டைகளை மூடிப் பாருங்கள், பழைய ஒலிபெருக்கியிலேயே தவிலின் இடந்தலை கேட்கும்.

கணக்கன் — ஞாயிறு, காலை 8.02

அது ஒலிபெருக்கிக்கான வேலை, அதற்கு நீங்கள் சொல்வது சரி. ரீச்சர் பாட்டுக்காகக் கேட்கவில்லை. இன்னொன்று: சில கார்களில் முன்கதவின் உள்ளே காற்றழுத்த உணரி இருக்கும். பக்கத்திலிருந்து மோதினால் கதவுக்குள் அழுத்தம் திடீரென ஏறுவதை வைத்துத்தான் அது காற்றுப்பையை விரிக்கும். அப்படிப்பட்ட கதவின் ஓட்டைகளை நம் விருப்பத்துக்கு அடைத்தால் அந்தக் கணக்குப் பிசகும். எந்தக் காரில் எது இருக்கிறது என்று பார்க்காமல் அடைக்கச் சொல்லக் கூடாது.

பாட்டுப்பெட்டி — ஞாயிறு, காலை 8.20

அதை ஒப்புக்கொள்கிறேன். உணரி இருக்கும் கதவில் தொழிற்சாலைப் பிளாஸ்டிக் தாளை இருந்தபடியே திரும்ப ஒட்டுங்கள். அது மட்டும் கிழியாமல் இருந்தாலே பாதி ஆறுதல்.

கிண்ணியா நானா — ஞாயிறு, காலை 10.45

எல்லாரும் தாளைப் பற்றியே பேசுகிறீர்கள். ரீச்சர், ரயரைப் பார்த்தீர்களா?

என்னிடமும் அக்வா. கிண்ணியாப் பாலத்தால் ஏறி இறங்கும்போது வீதியின் மேற்பரப்பு மாறுகிற இடத்தில் சத்தமும் மாறும். சத்தம் வேகத்தைவிட வீதியைப் பொறுத்து மாறினால் அது ரயர்ச் சத்தம். ரயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. ரயரின் பூ, அதாவது வீதியில் படும் பக்கத்து வரிகள், இன்னும் இருக்கிறதே என்று நம் ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். வருடம் போகப்போக இறப்பர் காய்ந்து கல்லாகும், சத்தம் கூடும், மழையில் பிடிப்பும் போகும். உள்ளங்கையால் பூவின் மேல் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் அரம் போலக் கீறினால் ரயர் தாறுமாறாகத் தேய்ந்திருக்கிறது. அந்த ரயரை வைத்துக்கொண்டு எத்தனை தாள் ஒட்டினாலும் உறுமும்.

இன்னொரு சோதனை. ஆளில்லாத நேராக் கிடக்கிற வீதியில் அறுபதில் போய், ஸ்டீயரிங்கை மெல்ல வலத்துக்கும் இடத்துக்கும் அசையுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது உறுமல் ஏறி, இடப்பக்கம் திரும்பும்போது இறங்கினால் இடச் சில்லின் பேரிங் போயிருக்க வாய்ப்புண்டு. பாரம் அந்தப் பக்கம் சாய்வதால் அப்படி. அது சத்தப் பிரச்சினையே இல்லை, உயிர்ப் பிரச்சினை.

கந்தளாய்ப் பயணி — ஞாயிறு, மாலை 5.30

நானா, இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். பின்ரயர் இரண்டிலும் 1117. வலப்பக்கத்து ரயர் நீங்கள் சொன்னபடியே கீறுகிறது. ஸ்டீயரிங்கை அசைத்தால் உறுமல் மாறவில்லை, ஆகவே பேரிங் தப்பியது என்று எடுத்துக்கொள்கிறேன். தம்பலகாமம் சந்தி தாண்டி மழமழப்பான துண்டில் போகும்போது சத்தம் தணிகிறது, சல்லி துருத்திய இடத்தில் திரும்பவும் கூடுகிறது.

முதலில் ரயர், பிறகுதான் தாள். அப்படித்தானே?

டிங்கர்காரன் — ஞாயிறு, மாலை 6.10

அப்படியே செய்யுங்கள். எங்கள் வீதிகளில் எழுபதுக்கு மேல் சட்டப்படி போக முடியாது. அந்த வேகத்தில் காற்றுச் சத்தம் சின்னது, ரயர்தான் ராஜா. கொழும்பு நெடுஞ்சாலைக்காரர்கள் எழுதி வைத்த முறையெல்லாம் நூறில் ஓடுகிறவர்களுக்கு.

கணக்கன் — ஞாயிறு, மாலை 7.40

ரயர் மாற்றிய பிறகும் மிச்சமிருக்கும் உறுமலுக்குப் பின்பக்கம் போங்கள். அக்வா போன்ற கார்களில் டிக்கியும் இருக்கைகளும் ஒரே அறை. பின்சில்லு வளைவின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் இருக்கும். சில்லு எழுப்பும் சத்தம் அந்த மெல்லிய தகரத்தைத் தாண்டியதும் நேராகப் பின்னிருக்கைக்காரரின் காதுக்குத்தான்.

அங்கே செய்ய வேண்டியது மூன்று அடுக்கு. தகரத்தில் நடுப்பகுதிகளுக்குப் பியூட்டைல் தாள். அதன்மேல், தண்ணீர் குடிக்காத மூடிய துளை நுரைத் தாள், 3 முதல் 6 மில்லிமீற்றர் வரை. அதற்கும் மேல் பாரமான வினைல் விரிப்பு, சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 5 கிலோ நிறை. பியூட்டைல் அதிர்வை அடக்கும். வினைல் பாரத்தால் சத்தத்தை மறிக்கும். நடுவில் உள்ள நுரை வினைலைத் தகரத்திலிருந்து பிரித்து வைக்கும். நுரை மட்டும் தனியே ஒட்டினால் உறுமல் குறையும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம், தாழ்ந்த சத்தம் நுரையைக் கவனிப்பதே இல்லை.

வினைலுக்கு ஒரு நிபந்தனை. அது இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் அது எவ்வளவு பாரமானாலும் தடுக்காது. சத்தம் அந்த ஓட்டையால் நடந்து போய்விடும். பியூட்டைலைத் துண்டு துண்டாக ஒட்டலாம், வினைலில் அது செல்லாது.

கிண்ணியா நானா — ஞாயிறு, இரவு 8.15

கணக்கன் தம்பி, வினைல் இங்கே எங்கே கிடைக்கிறது? கொழும்பு பஞ்சிகாவத்தையின் வாகன உதிரிப்பாகக் கடைகளில் தேடியும் எனக்கு அகப்படவில்லை.

கணக்கன் — ஞாயிறு, இரவு 8.50

கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், நானா. பியூட்டைலும் தடித்த பஞ்சும் போட்டால் முழுப் பலன் வராது, ஆனால் வேறுபாடு தெரியும். பஞ்சு பொலியெஸ்டராக இருக்க வேண்டும். மெத்தைக்கடைப் பருத்திப் பஞ்சும், அமுக்கினால் தண்ணீர் குடிக்கும் கடற்பஞ்சு நுரையும் எங்கள் மாரிக்கு ஆகாது.

டிங்கர்காரன் — திங்கள், காலை 6.30

ரீச்சர், கை வைக்கும் முன் இதையும் வாசியுங்கள்.

அக்வாவில் பெரிய மின்கலத் தொகுதி பின்னிருக்கையின் அடியில் இருக்கிறது. 12 வோல்ற் பற்றறியும் அங்கேதான். இருக்கையின் ஓரத்தில் தெரியும் காற்று வலை அந்தத் தொகுதி மூச்சு விடும் வழி. தாளோ பஞ்சோ அதன் அருகில் போகக் கூடாது. அடைபட்டால் மின்கலம் சூடேறும், பிறகு நீங்கள் மிச்சம் பிடித்த காசு எல்லாம் அங்கே போகும். செம்மஞ்சள் நிற வயரை எங்கே கண்டாலும் தொடாதீர்கள்.

இருக்கை கழற்றுவதானால் 12 வோல்ற் பற்றறியின் எதிர் முனையைக் கழற்றிக் குறைந்தது 90 வினாடி பொறுத்திருந்து, அதற்குப் பிறகுதான் மஞ்சள் நிறச் செருகியில் கை. அது காற்றுப்பை வயர்.

கதவு மட்டையைத் திறந்ததும் முதலில் அடியைப் பாருங்கள். கண்ணாடி இறங்கும் பிளவால் மழைத்தண்ணீர் கதவுக்குள் போவது வழக்கம், கார் அப்படித்தான் செய்யப்பட்டது. அது அடித் துளைகளால் வெளியேற வேண்டும். ஒட்டி முடித்து, மட்டையைப் பூட்டுவதற்கு முன் கண்ணாடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அடியால் கொட்டினால் வேலை சரி. கொட்டாவிட்டால் பூட்டாதீர்கள். நிலாவெளி, உப்புவெளிக் காரர்கள் இதை இரண்டு தடவை செய்யுங்கள். உப்புக்காற்றும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்தால் கதவின் அடியை மாற்ற என்னைத்தான் தேடி வருவீர்கள்.

தகரத்தைப் பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். பெற்றோல் வேண்டாம், எண்ணெய்ப் படலம் விடும், நெருப்புக்கும் வழி. வெள்ளைத் துணி கறுக்காமல் வரும்வரை துடைக்க வேண்டும். உருளையால் அழுத்தும்போது அலுமினியத்தில் அச்சாக இருக்கும் சின்னக் கட்டங்கள் தட்டையாகி மறைய வேண்டும். அவை தெரிகிறவரை தாள் முழுதாக ஒட்டவில்லை. விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும், தோற் கையுறை போடுங்கள்.

மூதூர் அல்ட்டோ — திங்கள், மதியம் 12.20

இடையில் ஒரு கேள்வி. நுரைத் தாளை நேராகக் கதவின் வெளித் தகரத்தில் ஒட்டலாமா? பியூட்டைலுக்குக் காசு காணாது.

டிங்கர்காரன் — திங்கள், மதியம் 1.05

வேண்டாம், தம்பி. பசை விட்டதும் நுரை கழன்று கண்ணாடியில் சிக்கும். முன்கதவுக்கு மட்டும் இரண்டு தாள் வாங்குங்கள், அதில் தொடங்கலாம்.

கந்தளாய்ப் பயணி — மூன்று வாரத்துக்குப் பின், சனி, மாலை 4.10

வேலை முடிந்தது. யாருக்காவது உதவும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

அளப்பதற்குத் தொலைபேசிச் செயலி. அது காட்டும் எண்ணில் நம்பிக்கை வைக்கவில்லை, எண்ணுக்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்த்தேன். தம்பலகாமம் சந்திக்கும் கந்தளாய்க்கும் இடையில் ஒரே துண்டு, அறுபது, கண்ணாடி மூடியபடி, குளிரூட்டியின் விசிறி முதலாம் எண்ணில். தொலைபேசி பின்னிருக்கையில், இருக்கைப்பட்டிக்குள் செருகி.

நான்கு ரயரையும் மாற்றிய அன்றே 3 டெசிபல் போயிற்று. உண்மையில் அன்றே நிறுத்தியிருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை, தாள் ஏற்கெனவே வந்துவிட்டது.

பிறகு பின்சில்லு வளைவுகளும் டிக்கித் தரையும். உதிரிச் சில்லு வைக்கும் குழியைத் தட்டினால் கோயில் மணி. நடுவில் கையகலத் தாள் ஒன்று ஒட்டித் தட்டினேன், அப்படியே ஊமையாகிவிட்டது. அந்த ஒரு துண்டைப் பார்த்த பிறகுதான் கணக்கன் சொன்னது முழுதாக விளங்கியது. வினைல் கிடைக்காததால் நுரைத் தாளும் பொலியெஸ்டர்ப் பஞ்சும்தான். காற்று வலையைச் சுற்றி ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். இதற்குப் பின் செயலியில் இன்னும் 2 டெசிபல். கேட்பதற்கு அதைவிடக் கூடுதலாகத் தோன்றுகிறது. உறுமலின் கனம்தான் போயிருக்கிறது, "ஸ்ஸ்" என்ற மேற்சத்தம் இருக்கிறது.

கடைசியாகக் கதவுகள். வெளித் தகரத்தின் நடுவில் மட்டும். கதவு மட்டையின் கிளிப்புகளில் சில உடையும் என்று எதிர்பார்த்தே மேலதிகமாக வாங்கி வைத்திருந்தேன், உடைந்தன. டிங்கர் ஐயா சொன்ன வாளிச் சோதனை எல்லாக் கதவிலும் சரி. கதவு ஒட்டியதால் ஓட்டச் சத்தத்தில் அளவிடக்கூடிய வித்தியாசம் எனக்குக் கிடைக்கவில்லை. சாத்தும்போது கேட்கும் சத்தம் மட்டும் மாறியது. அது மனதுக்கு இதமாக இருக்கிறது, ஆனால் காசு குறைவாக உள்ளவர்கள் கதவைக் கடைசிக்கு விடுங்கள்.

கூரையைத் தொடவில்லை. பக்கத் திரைக் காற்றுப்பை இருக்கிற காரில் கூரைத் துணியை நான் கழற்றப் போவதில்லை.

பாட்டுப்பெட்டி — சனி, மாலை 4.45

கதவில் பாட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லவே இல்லையே, அக்கா!

கந்தளாய்ப் பயணி — சனி, மாலை 5.00

கொஞ்சம் நல்லாக இருக்கிறது. அதற்குமேல் கேட்காதீர்கள், நான் செய்தி கேட்கிறவள்.

சீனன்குடாச் சின்னவன் — சனி, மாலை 6.20

டிங்கர் ஐயா, வானின் கதவைத் திறந்து பார்த்தோம். பட்டியின் மேல் விளிம்பு தகரத்தை விட்டு உரிந்து நிற்கிறது, கீழே இன்னும் இறங்கவில்லை. எப்படி எடுப்பது?

டிங்கர்காரன் — சனி, இரவு 7.10

நிழலில், காலையில், தகரம் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். சூட்டில் கை வைத்தால் நூல் நூலாக இழுபடும். பை ஒன்றில் ஐஸ் கட்டி போட்டு ஒரு பகுதியில் அழுத்திப் பிடித்து, இறுகியதும் பிளாஸ்டிக் தட்டையால் நெம்புங்கள். இரும்பு வேண்டாம், பெயின்ற் கீறினால் அந்தக் கீறலில்தான் துரு தொடங்கும். மிச்சத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அதன்பின் சவர்க்காரத் தண்ணீர், அதன்பின் ஸ்பிரிட். கதவு முழுதாகக் காயும்வரை மட்டையைப் பூட்டாதீர்கள்.

மூதூர் அல்ட்டோ — சனி, இரவு 8.30

ரீச்சர், தாள் மிச்சம் இருக்கிறதா? என் அல்ட்டோவின் கூரையில் மழை விழுந்தால் உள்ளே பேச முடியாது. இதில் திரைக் காற்றுப்பை எதுவும் இல்லை, துணியைக் கழற்றலாம்.

கந்தளாய்ப் பயணி — சனி, இரவு 8.50

நான்கு தாள் இருக்கிறது, தம்பி. கூரைக்கு நடுவில் ஒட்டப் போதும். ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்கு வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். உருளையையும் தருகிறேன், அதைத் திருப்பித் தர வேண்டும்.